வெளச்சலும் விளைச்சலும்

"இன்னா வேணிம்மா இது? ஆறு வருஷமா நீ அடிச்சது தமிழே இல்லியாம்."

அந்தத் திங்கட்கிழமை பாண்டுரங்கன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். கையில் இரண்டு தாள். விழுப்புரத்து ஆராய்ச்சி மையத்திலிருந்து நேராக இங்கே வந்து இறங்கியிருக்கிறார் என்று சட்டை வியர்வையில் நனைந்திருந்ததிலேயே தெரிந்தது.

வேணிக்குத் திண்டிவனத்தில், கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் டி.டி.பி. கடை. பத்தொன்பது வருடமாகத் தமிழ் டைப் அடிக்கிறாள். முதல் ஏழு வருடம் ராஜாமணி என்பவரிடம் சம்பளத்துக்கு அடித்தாள். அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போனபோது கடையை அவளிடமே விட்டுவிட்டார். கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு மனு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அவள் விரல் வழியாகப் போனவைதான். அவற்றிலெல்லாம் பெரிய வேலை பாண்டுரங்கனுடையது. வானூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். ஐம்பத்திரண்டு வயதில், திண்டிவனம் வட்டார உழவுச் சொற்களைப் பற்றிப் பிஎச்.டி. எழுதிக்கொண்டிருந்தார். ஒலக்கூரிலும் கிளியனூரிலும் வயல்வரப்பில் உட்கார்ந்து விவசாயிகள் பேசுவதைக் கேட்டு நோட்டில் எழுதுவார். நோட்டு வேணியிடம் வரும். அப்படி ஆறு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆகியிருந்தது.

வேணி தாளை வாங்கிப் பார்த்தாள். ஆய்வேட்டை அப்படியே எங்கிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறார்களா என்று சோதிக்கும் மென்பொருளின் அறிக்கை அது. தமிழ்ச் சொற்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. இரண்டாவது தாளில் அவள் அடித்த முதல் பக்கம். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'jkpo;' என்று இருந்தது.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ராஜாமணி காலத்து எழுத்துரு அது. j என்ற விசையைத் தட்டினால் திரையில் த என்று வரும். ஆனால் கணினி உள்ளே வைத்திருப்பது j தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. அச்சடித்துக் கொடுக்கும் வரைக்கும் அதனால் யாருக்கும் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. இப்போது பல்கலைக்கழகம் யூனிகோடு தமிழில் கோப்பைக் கேட்கிறது. உள்ளேயும் தமிழாகவே இருக்க வேண்டும்.

"எப்ப சார் கடைசித் தேதி?"

"இருபத்தெட்டு. அதுக்கப்புறம் என் ரெஜிஸ்ட்ரேஷனே காலாவதி. பன்னெண்டு நாள்தான் இருக்குது. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"எனக்கு யாரு சார் சொன்னாங்க?" என்றாள் வேணி. குரல் சற்று ஓங்கிவிட்டது. பாண்டுரங்கன் தாளை அவளிடமே விட்டுவிட்டு வெளியேறினார்.

அடுத்த நாலு நாளும் பேஜாராகப் போயின. பழைய எழுத்துருவை மாற்றித்தரும் இணையதளம் ஒன்றில் ஒரு பக்கத்தை ஒட்டிப் பார்த்தாள். பாதி சரியாக வந்தது, மீதி பாழாக வந்தது. ராஜாமணி வாங்கிவந்த எழுத்துருவே வழக்கமானது இல்லை. யாரோ சென்னைக்காரர் பழைய தட்டச்சு இயந்திரத்துக்கு ஏற்றபடி சில விசைகளை இடம் மாற்றிக் கொடுத்தது. பிறகு யூனிகோடிலேயே திரும்ப அடித்துப் பார்த்தாள். விசைகள் வேறு இடத்தில் இருந்தன. ஒரு நிமிடத்துக்கு நாற்பது சொல் அடிக்கும் விரல்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டு நின்றன. இரண்டு நாளில் ஒன்பது பக்கம் முடிந்தது. இந்தக் கணக்கில் போனால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

சனிக்கிழமை காலை பாண்டுரங்கன் மறுபடி வந்தார். கூட ஒரு பெண் இருந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். தோளில் மடிக்கணினிப் பை.

"எங்க ஸ்கூல் பிசிக்ஸ் டீச்சர், சன்மதி" என்றார். வேணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஐந்நூறு பிள்ளைங்க போட்டோவ கம்ப்யூட்டர்ல ஒரே வரி தட்டிச் சின்னதாக்கிக் காட்டுனாங்க. அதான் கேட்டுப் பார்த்தேன். வர்றேன்னுட்டாங்க."

சன்மதி செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். திண்டிவனத்தில்தான் வீடு. புதுச்சேரியில் எம்.எஸ்சி. படித்தபோது ஆய்வுக்கூடத்துக் கணினிகளில் எல்லாம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்ததால் அதிலேயே பழகியவள். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், செய்முறைக் கையேடு என்று எதுவானாலும் அவளுக்குக் கருப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் வேலை. மடிக்கணினியைத் திறந்ததும் அந்தத் திரைதான் வந்தது. படமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க டீச்சர், ஒண்ணுமே இல்லியே இதுல?"

"நாம எழுதுனாதான் இதுல ஏதாவது வரும்க்கா. ஒவ்வொரு வேலைக்கும் சின்னச் சின்னதா ஒரு கருவி. தேடறதுக்கு ஒண்ணு, மாத்தறதுக்கு ஒண்ணு, வரிசைப்படுத்த ஒண்ணு. யாரோ எழுதி, யார் வேணா எடுத்துக்குங்க, பிரிச்சும் பாத்துக்குங்கன்னு விட்டிருக்காங்க. முதல்ல உங்க கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கலாம். மூலத்தைத் தொடவே வேணாம்."

நகல் எடுத்து முடித்ததும் சன்மதி ஒரு நோட்டைப் பிரித்தாள். "சொல்லுங்கக்கா. 'ழு' எந்தக் கீ?"

மேசைமேல் வேணியின் வலது கை தானாக அசைந்தது. எந்த விசை என்று கண்ணை மூடி யோசித்தாள்.

"தெரியலியே டீச்சர். அடிச்சாதான் வருது. கேட்டா சொல்லத் தெரியல." அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சன்மதி சிரிக்கவில்லை. "அப்ப அடிச்சிடுங்க. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி அ, ஆ-லேருந்து ஆரம்பிங்க. வரிக்கு ஒரு எழுத்து. க, கா, கி, கீ. இருநூத்தி நாப்பத்தேழும். கிரந்த எழுத்தும் சேர்த்து. நான் அதையே யூனிகோடுல அடிக்கிறேன்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அரிச்சுவடி அடித்தார்கள். வேணி பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். சன்மதிக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு சன்மதி ஒரு வரி தட்டினாள். இரண்டு கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே பட்டியலாக வந்து நின்றன. இடப்பக்கம் வேணியின் விரல் அறிந்தது, வலப்பக்கம் அதன் தமிழ்.

"இதோ, உங்க கீபோர்டு முழுசும் வந்துடுச்சு" என்றாள் சன்மதி.

அந்தப் பட்டியலிலிருந்து மாற்றும் கட்டளைகளைச் செய்வதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. நீளமான கூட்டெழுத்துகளை முதலில் மாற்ற வேண்டும், தனி எழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' என்பதில் பாதி மட்டும் மாறி மீதி தொங்கும். எல்லாம் முடிந்ததும் சன்மதி ஒரு விசையைத் தட்டினாள். கண் இமைக்கிற நேரம்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் தமிழாகத் திரையில் ஓடின.

பாண்டுரங்கன் எழுந்தே நின்றுவிட்டார். "அட! அதுக்குள்ளியா?"

வேணி ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை திருத்திப் பழகிய கண். "நிறுத்துங்க டீச்சர்" என்றாள். "வெள்ளாமை தப்பா வருது பாருங்க."

'வௌ்ளாமை' என்று வந்திருந்தது. பழைய எழுத்துருவில் ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. கொம்பு போட்டு, எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு 'ள' போடுவார்கள். 'வௌவால்' என்பதில் வரும் 'ள'வும் 'வெள்ளாமை' என்பதில் வரும் 'ள'வும் கணினிக்கு ஒன்றுதான். அதனால் வெளி, வெள்ளி, வெள்ளிமேடுபேட்டை என எல்லாமே கெட்டுப்போயிருந்தன. அடுத்ததாக நூற்பட்டியலில் இன்னொரு கோளாறு. அங்கே வந்த ஆங்கிலத் தலைப்புகளும் தமிழாகியிருந்தன. the என்பது எல்லா இடத்திலும் 'வாந' என்று நின்றது.

"வாந" என்று பாண்டுரங்கன் சத்தமாகப் படித்தார். சன்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு வேணி சிரித்தது அப்போதுதான்.

"நான் கிளம்பறேன். இருட்டறதுக்கு முன்னாடி சாப்பிட்டாகணும், எங்க வீட்டு வழக்கம்" என்று சன்மதி எழுந்தாள். "நாளைக்கு வர்றேன்க்கா. இங்கிலீஷையும் தமிழையும் எப்படிப் பிரிக்கிறதுன்னு யோசிக்கணும்."

"நான் இங்கிலீஷுக்கு எப்பவும் வேற ஃபாண்டுதான் போடுவேன் டீச்சர். ஒரு எழுத்தா இருந்தாலும் மாத்திட்டுதான் அடிப்பேன்."

சன்மதி வாசலில் நின்றாள். "நிஜமாவா? ஒரு இடத்துலகூட விடலியா?"

"விட்டா ராஜாமணி சார் திட்டுவாரு."

ஞாயிற்றுக்கிழமை அது பெரிய உதவியாக இருந்தது. கோப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு என்று உள்ளே எழுதியிருந்தது. தமிழ் எழுத்துரு உள்ள துண்டுகளை மட்டும் மாற்று என்று சன்மதி கட்டளையைத் திருத்தினாள். ஆங்கிலம் அப்படியே நின்றது. 'ள'வுக்கும் ஒரு விதி செய்தாள். அதன்மேல் புள்ளியோ, அதோடு கால், சுழி, கொக்கி ஏதாவதோ இருந்தால் அது வெறும் 'ள', தொடாதே. வெள்ளாமையும் வெளியும் திரும்பி வந்தன.

"மீதி இருக்கறத மிஷினால முடிவு பண்ண முடியாது. மனுஷங்கதான் சொல்லணும்" என்றாள் சன்மதி. கொம்பெழுத்துக்குப் பிறகு வெறும் 'ள' வந்து சந்தேகமாக நின்ற சொற்களை மட்டும் தேடி எடுத்து, ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் அடுக்கி, ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக் கொடுக்கும்படி ஒரு வரி தட்டினாள். ஐம்பத்தேழு சொற்கள் வந்தன. அதை அச்செடுத்து இருவரிடமும் நீட்டினாள்.

வேறு யாருடைய ஆய்வேடாக இருந்தாலும் பத்துச் சொல்லுக்கு மேல் வந்திருக்காது. இது விவசாயிகள் வாயால் பேசியதை அப்படியே எழுதியது. விளக்கு என்பதை வெளக்கு என்றுதான் சொல்வார்கள். கிளப்பு என்பது கெளப்பு. இவையெல்லாம் மௌனம், பௌர்ணமி, கௌதாரி ஆகியவற்றோடு கலந்து நின்றன. பாண்டுரங்கன் ஒவ்வொன்றாகப் படிக்க, வேணி பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள்.

"வெளக்கமாறு."

"ள தான் சார்."

"கௌதாரி."

"அது ஔ."

"வெளச்சல். மூணு தடவை" என்று படித்தவர் அடுத்ததற்குப் போய்விட்டார். வேணியின் பென்சில் நின்றுவிட்டது.

மூன்றே தடவைதானா? நிலக்கடலையானால் மல்லாட்டை வெளச்சல், கேழ்வரகானால் கேப்பை வெளச்சல் என்று நோட்டில் எத்தனை இடத்தில் படித்திருப்பாள்! அவளுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. முதல் இரண்டு வருடம். மூன்றாவது, நாலாவது இயல்கள். நோட்டில் 'வெளச்சல்' என்று பார்க்கும்போதெல்லாம் விரல் 'விளைச்சல்' என்று அடித்துவிட்டுப் போகும். பிழையில்லாமல் அடி, பிழையில்லாமல் அடி என்று ராஜாமணியிடம் ஏழு வருடம் காதில் விழுந்தது விரலில் தங்கிவிட்டது. வாத்தியார் அவசரத்தில் தப்பாக எழுதியிருக்கிறார், நாம் திருத்திக் கொடுப்போம் என்றுதான் அன்று நினைத்தாள். பேச்சை அப்படியே பதிவு செய்வதுதான் அந்த ஆய்வே என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் அப்படியே அடிக்க ஆரம்பித்தாள். ஆனால் பழைய பக்கங்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. காலப்போக்கில் அவளே மறந்தும் போனாள்.

இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். மூன்று பேரில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திங்கட்கிழமை செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினோம், இன்று நாமே ஒரு தப்பை எடுத்து நீட்டுவதா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. பாண்டுரங்கன் அடுத்த சொல்லைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, எழுதலியா?"

"டீச்சர்" என்றாள் வேணி, சன்மதியைப் பார்த்து. "விளைச்சல்னு எத்தினி எடத்துல வருதுன்னு தேடிச் சொல்ல முடியுமா?"

சன்மதி தட்டினாள். நூற்று நாலு இடம் என்று வந்தது.

"அதுல மேற்கோள் குறிக்குள்ள, ஆளுங்க பேசறதா வர்றது மட்டும்?"

இன்னொரு தட்டு. அறுபத்தொரு வரிகள், பக்க எண்ணோடு வரிசையாக வந்து நின்றன. ஒலக்கூரில் பேசிய ஒருவரின் வாயில், 'இந்த வருசம் மல்லாட்டை விளைச்சல் சொல்லிக்கிற மாதிரி இல்லீங்க' என்று இருந்தது. மற்ற எல்லாம் பேச்சு. அந்த ஒரு சொல் மட்டும் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததுபோல் நடுவில் நின்றது.

"சார், இது அவங்க சொன்னது இல்ல. நீங்க எழுதுனதும் இல்ல. நான்தான் மாத்துனேன்" என்றாள் வேணி. "தப்புன்னு நெனச்சித் திருத்திட்டேன். வெளச்சல் மட்டும்னு சொல்ல முடியாது. வேற வார்த்தையும் இருக்கும்."

பாண்டுரங்கன் திரையை நெருங்கிக் குனிந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் எழுதிய முடிவுகளில் ஒன்று, சில சொற்களை ஒலக்கூர்ப் பக்கத்தில் எழுத்துத் தமிழ் போலவே உச்சரிக்கிறார்கள் என்பது. நாலாவது இயலில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்.

"வைவா பரீட்சையில எவனாவது ஒரு ஒலக்கூர்க்காரன் எழுந்து கேட்டிருந்தா" என்றார் கடைசியில், "நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்?"

வேணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ மாத்துனே, சரி. மூணு தடவை புரூஃப் பாத்தது நான்தானே? என் கண்ணுக்கே தெரியலியே. அதுவும் போதாதுன்னு அதுக்கு ஒரு காரணத்தைக் கண்டுபுடிச்சி ரெண்டு பக்கம் வேற எழுதியிருக்கேன்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அன்னிக்கி உன்னைக் கன்னாபின்னான்னு பேசிட்டுப் போயிட்டேன். மனசுல வெச்சிக்காதம்மா. நோட்டெல்லாம் வூட்ல பத்திரமா இருக்குது. எடுத்தாறேன்."

அன்று மாலையே பதினொரு நோட்டும் வந்தன. அடுத்த மூன்று நாளும் ஒரே முறை. பள்ளி விட்டதும் பாண்டுரங்கனும் சன்மதியும் வருவார்கள். எந்தெந்தச் சொற்களை விரல் திருத்தியிருக்கும் என்று வேணி சொல்லுவாள். முதல் நாள் சன்மதி தேடிக் கொடுத்தாள். இரண்டாவது நாள் மடிக்கணினியை வேணியின் பக்கம் திருப்பிவிட்டாள். "நீங்களே தேடுங்கக்கா. grep, ஒரு இடைவெளி, வார்த்தை, அப்புறம் கோப்பு பேரு. அவ்ளோதான்."

"ஏதாவது கெட்டுப் போயிட்டா?"

"தேடறதால எதுவும் கெடாது. நகலும் இருக்கு."

வேணி தட்டினாள். 'கிளப்பு' என்ற சொல் வந்த பதினான்கு வரிகள் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் பாண்டுரங்கன் நோட்டில் ஒப்பிட்டுச் சொல்ல, மாற்ற வேண்டியதை மாற்றினாள். ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாமே என்று சன்மதி ஒருமுறை கேட்டதற்கு, "வேணாம் டீச்சர், சில பேரு நெசமாவே அப்படிப் பேசியிருப்பாங்க" என்றாள் வேணி. அது சரிதான் என்று நோட்டிலேயே தெரிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர், பேச்சு முழுதும் 'விளைச்சல்' என்றே சொல்லியிருந்தார். அவருடைய ஐந்து வரிகளை மட்டும் அப்படியே விட்டார்கள். நாலாவது இயலில் அந்த இரண்டு பக்கத்தைப் பாண்டுரங்கன் நீக்கிவிட்டு, படித்தவர் பேச்சும் படிக்காதவர் பேச்சும் எங்கே பிரிகின்றன என்று புதிதாக ஒன்றரைப் பக்கம் எழுதினார். முன்பிருந்ததைவிட அது நன்றாக இருந்தது என்று வேணிக்கே தோன்றியது.

வியாழக்கிழமை, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, வேணி கடையை மத்தியானமே பூட்டிவிட்டுப் பாண்டுரங்கனோடு விழுப்புரம் பஸ் ஏறினாள். அவள் வர வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆராய்ச்சி மையத்து நூலகத்தில் ஊழியர் கோப்பை ஏற்றிவிட்டு, "கொஞ்சம் டைம் ஆகும், வெளியில டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார். இருவரும் எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அறிக்கை வந்தது. தமிழ்ச் சொற்கள் எழுபத்தோராயிரத்துச் சொச்சம். மற்ற நூல்களோடு ஒத்துப்போவது நூற்றுக்கு நாலு.

"வெவசாயிங்க வாயில இருந்ததை வேற எங்க போய் ஒத்துப்பாக்கும்?" என்றார் பாண்டுரங்கன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேணி அந்த அறிக்கையைக் கையில் வாங்கி, அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். அதில் அநேகமாக எல்லாச் சொல்லையும் ஒருமுறை அடித்தவள் அவள்.

வாய்மொழித் தேர்வு ஐந்து மாதம் கழித்து நடந்தது. நாலாவது இயலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். பாண்டுரங்கன் முனைவர் ஆனார். அதற்குள் வேறு இரண்டு ஆய்வு மாணவர்கள் பழைய எழுத்துருவில் இருந்த இயல்களோடு வேணியைத் தேடி வந்தார்கள். ஒரு வக்கீல் இருபது வருடத்து மனு மாதிரிகளைக் கொண்டுவந்தார். வேணி தன் கடைக் கணினி ஒன்றில் லினக்ஸ் போடச் சொல்லிச் சன்மதியைக் கேட்டாள். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கோப்புகளைப் பிரிக்கவும் சேர்க்கவும், அந்தக் கட்டளைகளை வரி வரியாகப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். புரியாததை நோட்டில் எழுதிவைத்துக் கேட்டாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வானூரிலிருந்து ஆரோக்கியசெல்வி என்ற அம்மா வந்தார். அவர்கள் மகளிர் குழு பதினெட்டு வருடமாகக் கொண்டுவந்த காலாண்டு இதழ் முழுவதும் ஒரு பென் டிரைவில் இருந்தது. செல்போனில் படிக்கிற மாதிரி ஆக்க வேண்டும். வேணி ஒன்றைத் திறந்து, தன் பட்டியலை வைத்து மாற்றிப் பார்த்தாள். ஒரு வரிகூடப் படிக்கிற மாதிரி வரவில்லை. இது வேறு எழுத்துரு. இந்த விசைகளை அவள் விரல்கள் பார்த்ததே இல்லை.

சன்மதிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. தேர்வுக் கண்காணிப்பில் இருப்பாள்.

"முடியாதாங்க?" என்றார் ஆரோக்கியசெல்வி. "புதுச்சேரியில ரெண்டு எடத்துல கேட்டுட்டேன். திரும்பத்தான் அடிக்கணும்னுட்டாங்க."

"அச்சடிச்ச புஸ்தகம் ஒண்ணாவது இருக்குதா உங்ககிட்ட?"

அவர் பையிலிருந்து ஒரு பழைய இதழை எடுத்துக் கொடுத்தார். வேணி அதைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள். அதே இதழின் கோப்பைத் திறந்தாள். அச்சில் இருந்த முதல் சொல்லையும் திரையில் இருந்த முதல் சொல்லையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, புதிய பட்டியலில் முதல் வரியைத் தட்டினாள். பிறகு இரண்டாவது வரி. ஆரோக்கியசெல்வி கடைக்குள் வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு எழுத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. எழுதிய வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று வேணி கட்டளையைக் கொடுத்தாள்.

ஓட்டையும் உடைசலுமாக, நடுநடுவே ஆங்கில எழுத்து நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தமிழ் வந்தது. ஆரோக்கியசெல்வி எட்டிப் பார்த்தார்.

"அன்புள்ள சகோதரிகளுக்கு" என்று மெதுவாகப் படித்தார். "ஏங்க, இது நான் எழுதுன தலையங்கம். முதல் இதழ்ல வந்தது."

"மீதி வார்த்தையும் வந்துடும்" என்றாள் வேணி. "நீங்க படிச்சிக்கினே வாங்க. எங்க தப்பு வருதுன்னு சொல்லுங்க."

ஆரோக்கியசெல்வி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.